பியானோ முன்னால் உட்கார்ந்த பெண்கள்

அலிஷியா கீஸ் பாடிய 'ஃபாலின்' பாட்டை வாசிக்க இரண்டு கார்டு தெரிந்தால் போதும். இ மைனர் ஒன்று, பி மைனர் செவன்த் ஒன்று. ஏறக்குறைய பாட்டு முழுக்க இவைதான் மாறி மாறி வரும். கீபோர்டு கிளாஸில் சேர்ந்து சில மாதங்களே ஆன பிள்ளைகூட வாசித்துவிடும். செகந்தராபாத் மெட்டுகுடாவில் என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பெண்களில் யாராவது ஒருத்தி, ஒன்பதாவது பத்தாவது படிக்கும்போது, போனை நீட்டி "மேடம், இதைச் சொல்லிக் குடுங்க" என்று கேட்டுவிடுவாள். விரலுக்குச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் ஆகும். குரலுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் நாள் பிடிக்கும்.

பாட்டின் தொடக்கத்தைக் கவனித்துக் கேளுங்கள். வாத்தியமும் இல்லை, தாளமும் இல்லை. ஒரு பெண் குரல் தனியாக எடுக்கிறது. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறது, வளைகிறது, படிப்படியாக இறங்குகிறது. கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் 'பிருகா' என்று சொல்லிவிடுவார்கள். குரல் இறங்கி நின்ற பிறகுதான் பியானோ வருகிறது. கார்டை மொத்தமாக அழுத்தாமல் சுரம் சுரமாகப் பிரித்து, ஏறி இறங்கி வாசிக்கிறார். ஒரு தட்டுக்கு மூன்று மூன்றாக விழுவதால் நமக்குத் திஸ்ர நடை. சுரங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் நடபைரவி.

இவ்வளவும் தெரிந்த, வர்ணம்வரை பாட்டு படித்த பெண், சுரம் ஒன்றுகூடப் பிசகாமல் இதைப் பாடுவாள். ஆனாலும் பாட்டு வராது. ஏனென்றால் அலிஷியா காந்தாரத்தை ஒரே இடத்தில் நிறுத்துவதில்லை. சின்னதற்கும் பெரியதற்கும் நடுவில், பியானோவில் கட்டையே இல்லாத ஓர் இடத்தில், தொட்டுவிட்டு நழுவுகிறார். புளூஸ் பாட்டின் உயிர் அங்கேதான். மூச்சு வாங்குவது காதில் விழுகிறது. தொண்டை கொஞ்சம் கரகரக்கிறது. அதை அவர் மறைக்கவில்லை. "குரல் சுத்தமா இருக்கணும்னு பாட்டு மிஸ் சொன்னாங்களே" என்று ஒரு மாணவி கேட்டாள். சுத்தம் இங்கேயும் உண்டு அம்மா, ஆனால் அது சொல்ல வந்ததைப் பூசி மெழுகாமல் சொல்லும் சுத்தம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி பாடினாள். காந்தாரம் லேசாக நழுவியது. வகுப்பில் இருந்த மற்றப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னொரு விஷயம் கைத்தட்டு. நாலு நாலாக எண்ணும்போது நம் கை தானாக ஒன்றில் விழும். சமம் அங்கேதான் என்று சின்ன வயதிலிருந்தே பழக்கம். ரிதம் அண்ட் புளூஸில் அழுத்தம் இரண்டிலும் நாலிலும். ஒன்று என்று மனசுக்குள் சொல்லிவிட்டு இரண்டில் தட்ட வேண்டும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எழுந்து நின்று தட்டுவது அந்த இடத்தில்தான். கோஸ்பல் என்னும் தேவாலயப் பாட்டு, பருத்திக் காடுகளில் பிறந்த புளூஸ், ஜாஸ் மூன்றும் நகரத்துக்கு வந்து, மின்சார கிதாருடனும் டிரம்ஸுடனும் சேர்ந்து ஆடவைத்த இசை இது. 1940-களின் இறுதிவரை அமெரிக்க இசை வியாபாரம் கறுப்பர்களின் தட்டுகளை 'இன ரெக்கார்டுகள்' என்று தனியாக ஒதுக்கிப் பட்டியல் போட்டது. 1949-இல் பில்போர்டு பத்திரிகை அந்தத் தலைப்பைத் தூக்கிவிட்டு 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று போட்டது. அந்தப் பெயரை முன்மொழிந்தவர் அங்கே நிருபராக இருந்த ஜெர்ரி வெக்ஸ்லர். இவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

அலிஷியா 1981 ஜனவரி 25 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். மன்ஹாட்டனில் ஹெல்ஸ் கிச்சன் என்ற பகுதியில் தனியாளாக அம்மா வளர்த்த பெண். அம்மா வழக்கறிஞர் அலுவலகத்தில் உதவியாளர் வேலை, நடுநடுவே நடிப்பு. ஏழு வயதில் பியானோ தொடங்கி, ஷோப்பேன், பீத்தோவன் என்று முறையாகப் படித்தார். பதினாறு வயதிலேயே பள்ளியை முடித்துவிட்டார். அந்த வயதுக்குள் கொலம்பியா ரெக்கார்ட்ஸ் நிறுவனம் ஒப்பந்தம் போட்டு ஒரு பேபி கிராண்ட் பியானோவையும் கொடுத்தது.

பியானோவைக் கொடுத்தவர்கள் அதில் அவர் வாசித்ததைக் கேட்கத் தயாராக இல்லை. புகழ்பெற்ற இசைத் தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவரிடமும் அனுப்பினார்கள். அவர்கள் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த மெட்டின் மேல் இந்தப் பெண் பாடிவிட்டுப் போனால் போதும் என்பது ஏற்பாடு. ஒன்றும் சரிப்படவில்லை. கடைசியில் அவரும் நண்பர் கெர்ரி பிரதர்ஸும் சொந்தமாகக் கருவிகள் வாங்கி வீட்டிலேயே ஒரு ஸ்டுடியோ அமைத்துக்கொண்டார்கள். ரெக்கார்டிங் மெஷினைக் கையாள்வது, டிரம்ஸ் புரோகிராம் செய்வது, குரல்களை அடுக்குவது எல்லாம் தானே கற்றுக்கொண்டார். அப்படித் தயாரான ஆல்பத்தை 1998-இல் கொலம்பியா நிராகரித்தது.

அப்போது கைகொடுத்தவர் கிளைவ் டேவிஸ். ஒரு காலத்தில் கொலம்பியாவுக்கே தலைவராக இருந்தவர், அப்போது அரிஸ்டா நிறுவனத்தில் இருந்தார். அலிஷியாவை மாற்றவேண்டியதில்லை என்று அவருக்குத் தோன்றியது. 2000-இல் அரிஸ்டா அவரையே வெளியேற்ற, ஜே ரெக்கார்ட்ஸ் என்று புதிய நிறுவனம் தொடங்கி அலிஷியாவையும் கூடவே அழைத்துக்கொண்டார். பெயரே கேள்விப்படாத பெண்ணின் பாட்டை வானொலிகள் எடுத்த எடுப்பில் போடாது என்பதால், ஓப்ரா வின்ஃப்ரிக்குத் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதி அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அலிஷியா பாட இடம் கேட்டார். இடம் கிடைத்தது. 2001 ஜூனில் 'சாங்ஸ் இன் ஏ மைனர்' வெளிவந்தது. முதல் வாரத்தில் அமெரிக்காவில் மட்டும் 2,36,000 பிரதிகள் விற்று, பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. 'ஃபாலின்' ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. 2002 பிப்ரவரியில் ஒரே இரவில் ஐந்து கிராமி விருதுகள். அப்போது அவருக்கு வயது 21.

பெயர் என்னவோ ஏ மைனர். ஆனால் அந்தச் சுருதியில் அமைந்த பாட்டு ஆல்பத்தில் 'ஜேன் டோ' ஒன்றுதான். எனக்கு அதைவிடப் பிடித்தது முதல் துண்டு. பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டாவை எடுத்து வாசிக்கிறார், அதன்மேல் ஹிப்ஹாப் பீட் வந்து விழுகிறது. கிரேடு பரீட்சைக்குப் பயந்து பயந்து அந்த சொனாட்டாவை வாசிக்கும் பிள்ளைகளுக்கு நான் இதைப் போட்டுக் காட்டுவேன். படித்த பாடத்தைப் பரீட்சை முடிந்ததும் மூட்டை கட்டி வைக்காமல் தன் தெருவுக்கு அழைத்து வந்தவள் என்று சொல்லுவேன்.

அலிஷியாவின் கதையில் என்னை உலுக்குவது, இதே கொலம்பியாவில் இதே கதை முப்பது வருஷம் முன்னாலேயே நடந்திருக்கிறது என்பதுதான். டெட்ராய்ட் நகரத்துப் பாதிரியாரின் மகள் அரீத்தா ஃபிராங்க்ளின் 1960-இல் கொலம்பியாவில் சேர்ந்தார். ஆறு வருஷம் அவரை மேடை நாடகப் பாட்டு, ஜாஸ், ஆர்கெஸ்ட்ரா இசை என்று ஒவ்வொன்றாகப் பாடவைத்துப் பார்த்தார்கள். குரல் அபாரம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், பெரிய வெற்றி வரவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் அழைத்தது. அழைத்தவர், 'ரிதம் அண்ட் புளூஸ்' என்ற பெயரைச் சொன்ன அதே ஜெர்ரி வெக்ஸ்லர். 1967 ஜனவரியில் அரீத்தாவை அலபாமா மாநிலத்தில் மஸில் ஷோல்ஸ் என்னும் சிறிய ஊருக்கு அழைத்துப்போய், ஃபேம் ஸ்டுடியோவில் பியானோ முன்னால் உட்காரவைத்தார். அவர் செய்த பெரிய காரியம் அவ்வளவுதான். அரீத்தா தேவாலயத்தில் சின்ன வயதில் வாசித்தது போல ஒரு கார்டை அழுத்தினார். கூட வாசிக்க வந்திருந்தவர்கள் தங்கள் வாத்தியங்களைத் தேடி ஓடினார்கள். ஒரே நாளில் ஒரு பாட்டு முடிந்தது. அன்று இரவே ஒரு சண்டை மூண்டு எல்லோரும் கலைந்துபோக, ஆல்பத்தின் மிச்சத்தை நியூயார்க்கில் வைத்து முடித்தார்கள். அந்த ஆல்பத்தின் முதல் பாட்டு 'ரெஸ்பெக்ட்'. ஓட்டிஸ் ரெடிங் 1965-இல், வீட்டுக்குத் திரும்பும் கணவனின் பக்கமிருந்து எழுதிப் பாடிய பாட்டு அது. அரீத்தா தன் தங்கை கரோலினுடன் உட்கார்ந்து அதைப் பெண்ணின் பக்கம் திருப்பினார். நாடே அதைத் தன் பாட்டாக எடுத்துக்கொண்டது.

அரீத்தாவுக்கு அடுத்து ராபர்ட்டா ஃபிளாக்கைச் சொல்லாமல் என்னால் மேலே போகமுடியாது. பதினைந்து வயதில் பியானோவுக்காக உதவித்தொகை பெற்று ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். பிறகு பள்ளிக்கூட ஆசிரியை. பகலில் பிள்ளைகளுக்குப் பாடம், இரவில் வாஷிங்டனில் ஒரு சின்ன உணவகத்தில் பாட்டு. முதல் ஆல்பம் வந்தபோது முப்பதைத் தாண்டிவிட்டார். அந்த ஆல்பமும் 1971-இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் தன் படத்தில் அதிலிருந்து ஒரு பாட்டைப் பயன்படுத்தும்வரை பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. அடுத்து 1973-இல் 'கில்லிங் மீ சாஃப்ட்லி' வந்தது. 1996-இல் ஃபியூஜீஸ் குழுவில் லாரின் ஹில் அதே பாட்டைப் பாடியபோது அது புதிய தலைமுறையின் பாட்டாகவே மாறியது. 1998-இல் லாரின் தனியாகக் கொண்டுவந்த ஆல்பம் 'தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்'. அதன் ஒரு பகுதியை ஜமைக்காவில் பாப் மார்லியின் டஃப் காங் ஸ்டுடியோவில் பதிவு செய்தார். கர்ப்பிணியாக இருக்கும்போது 'குழந்தையா, தொழிலா' என்று கேட்டவர்களுக்குப் பதிலாக, அந்த மகனுக்கே ஒரு பாட்டு வைத்தார். ஒரே இரவில் ஐந்து கிராமி என்பதில் அலிஷியாவுக்கு முன்னோடி இவர்தான். அதன்பின் இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பம் இன்றுவரை வரவில்லை. ஆனால் அந்த ஒற்றை ஆல்பத்தைக் கேட்டுப் பாட வந்த பெண்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

இந்த இசை மெட்டுகுடாவுக்குப் புதிதில்லை. என் அப்பாவுக்கு ரயில்வே உத்தியோகம். லாலாகுடா ஒர்க்‌ஷாப்பை நம்பி விழுப்புரம் பக்கமிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. 1893-இல், நிஜாமின் ரயில்வே காலத்தில் தொடங்கிய ஒர்க்‌ஷாப் அது. சுற்றியுள்ள குவார்ட்டர்ஸ்களில் தமிழர்களும் தெலுங்கர்களும் போலவே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் நிறைய. எங்கள் வரிசையில் ஓர் ஆன்ட்டி வீட்டில் நிற்கும் பியானோ ஒன்று இருந்தது. ஏப்ரல், மே வெயிலில் மரம் காய்ந்து சுருதி இறங்கிவிடும், இரண்டு கட்டைகள் அழுத்தினால் எழுந்திருக்காது. ஆன்ட்டி அதில் ஜிம் ரீவ்ஸும் வாசிப்பார், தேவாலயக் கீதமும் வாசிப்பார். இடது கையால் பாஸ் சுரத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் என் முழங்காலில் இரண்டு, நாலு என்று தட்டிக் காட்டுவார். அம்மா சாயங்காலம் ஸ்கந்தகிரி கோவிலுக்குப் போகும்போது என்னை அங்கே விட்டுவிட்டுப் போவாள். கைத்தட்டு எங்கே விழவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது அந்த வீட்டில்தான்.

இந்த மண்ணில் தன் சொல்லைத் தானே எழுதிப் பாடிய பெண்ணும் இருந்திருக்கிறாள். மெட்டுகுடாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் மௌலா அலி குன்று. அதன் அடிவாரத்தில் மஹ் லகா பாய் சந்தாவின் சமாதி. 1768-இல் பிறந்து 1824-இல் மறைந்தவர். இரண்டாம் நிஜாமின் அரசவையில் பாடகி, நடனக்காரி, கவிஞர், அரசியல் ஆலோசகர். குதிரையேற்றமும் தெரியும். உருதுவில் தன் கஜல்களைத் தனித் திவானாகத் தொகுத்த முதல் பெண்களில் ஒருவர். 1799-இல் ஜான் மால்கம் என்ற பிரிட்டிஷ் அதிகாரிக்கு அவர் கொடுத்த கையெழுத்துப் பிரதி இன்றும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. உஸ்மானியா பல்கலைக்கழகம் நிற்கும் நிலத்தில் ஒரு பகுதி ஒரு காலத்தில் அவருடைய அதிக்மெட் ஜாகீர். தன் தாய்க்காக அவர் கட்டிய அந்தச் சமாதித் தோட்டம் நீண்டகாலம் பாழடைந்து கிடந்து, அமெரிக்க அரசின் நிதியுதவியுடன் 2011 வாக்கில் செப்பனிடப்பட்டது. என் மாணவிகளில் பலர் அந்த வழியாகவே தினமும் பள்ளிக்குப் போகிறார்கள். அவர் பெயர் அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு இது பெரிய மனக்குறை.

இனி நம் பெண்ணுக்கு வருகிறேன். பிரியா ராகு சுவிட்சர்லாந்தில் சாங்க்ட் காலன் நகரில் வளர்ந்தவர். இலங்கையில் போர் தொடங்கிய காலத்தில் அங்கே போய்ச் சேர்ந்த தமிழ்ப் பெற்றோரின் மகள். அப்பா குடும்பத்தையே ஓர் இசைக்குழுவாக ஆக்கி வைத்திருந்தார். அவர் தபலா, அண்ணன் கீபோர்டு, பிரியா பாட்டு. புலம்பெயர்ந்த தமிழர்களின் விசேஷங்களில் தமிழ் சினிமாப் பாட்டுகளைப் பாடுவார்கள். கனடாவிலோ லண்டனிலோ பாரிஸிலோ உறவினர் இருப்பவர்களுக்கு அந்தக் காட்சி தெரிந்திருக்கும்: வாடகை மண்டபம், வெளியே பனி, உள்ளே பட்டுச் சேலை, மேடையில் இளையராஜா. வீட்டில் அந்தப் பாட்டு, அறைக்குள் ஹெட்போனில் லாரின் ஹில், அலிஷியா கீஸ், ஸ்டீவி வொண்டர். இரண்டாவது உலகத்தில் மேடையேற வீட்டில் எளிதில் சம்மதம் கிடைக்கவில்லை. பிரியா வேலைக்குப் போனார். சுவிஸ் விமான நிறுவனத்தில், விமான உதிரி பாகங்கள் வாங்கும் பிரிவில் உத்தியோகம்.

அண்ணன் இசையை விடவில்லை. 'ஜாஃப்னா கோல்ட்' என்று பெயர் வைத்துக்கொண்டு இசைத் தயாரிப்பாளர் ஆனார். பிரியா ஆறு மாதம் வேலையிலிருந்து ஒதுங்கி, பாட்டெழுத நியூயார்க் போனார். அங்கிருந்து அவர் எழுதிப் பாடி அனுப்ப, சுவிட்சர்லாந்தில் அண்ணன் இசை அமைக்க, கடல் தாண்டியே பாட்டுகள் உருவாயின. அலிஷியாவுக்கு வீட்டு ஸ்டுடியோ கொடுத்த விடுதலையை இவர்களுக்கு ஒரு லேப்டாப் கொடுத்தது. யாரும் முன்னால் போட்டு வைத்த மெட்டுக்குள் இவர் நுழையவில்லை. 2020-இல் 'குட் லவ் 2.0' வந்து, உலகம் முழுக்கப் பையன்கள் விளையாடும் ஃபிஃபா 21 கால்பந்து வீடியோ விளையாட்டின் பாட்டுப் பட்டியலில் இடம்பிடித்தது. வார்னர் நிறுவனத்தின் லண்டன் கிளை ஒப்பந்தம் போட்டது. அதற்குப் பிறகுதான் உத்தியோகத்தை விட்டார். அப்போது வயது முப்பதைத் தாண்டியாயிற்று.

2021 செப்டம்பரில் 'டாம்ஷிஸ்தமில்' என்ற முதல் தொகுப்பு. 'சிக்கன் லெமன் ரைஸ்' என்று ஒரு பாட்டு அதில் உண்டு. ஆங்கிலத்தில் போய்க்கொண்டே இருக்கும் பாட்டுக்குள் தமிழ் சட்டென்று, அழைக்காமலே உரிமையோடு வருகிறது. வெளிநாட்டில் வளர்ந்த நம் பிள்ளைகள் வீட்டில் பேசும் விதம் அதுதான், இங்கே என் மாணவிகள் தமிழிலிருந்து தெலுங்குக்குத் தாவுவது போல. 'கமலி' என்ற பாட்டு மாமல்லபுரத்தில் ஸ்கேட்போர்டு ஓட்டும் கமலி மூர்த்தியைப் பற்றியது. அந்தச் சிறுமியையும் தனியாளாக அவளை வளர்க்கும் அம்மாவையும் வைத்து சாஷா ரெயின்போ எடுத்த குறும்படம் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதைப் பார்த்துத்தான் பிரியா பாட்டு எழுதினார். பெண்பிள்ளை வெளியே போய் விளையாடினால் ஊர் என்ன சொல்லும் என்ற பேச்சு சுவிட்சர்லாந்திலும் கேட்டிருக்கிறது, மாமல்லபுரத்திலும் கேட்டிருக்கிறது. அவளுக்காக இவள் பாடும்போது குரலில் ஓர் அக்காவின் பிடிவாதம் தெரிகிறது.

முழு ஆல்பம் 'சந்தோசம்' 2023 அக்டோபர் 20 அன்று வந்தது. 'ஆடலாம் வா' போட்டால் என் வகுப்புப் பிள்ளைகளால் உட்கார முடியாது. 'பிளாக் கூஸ்' வேறு மாதிரி, நிறத்தை வைத்து மனிதர்களை ஒடுக்குவதன் மேல் வரும் கோபம். ஆல்பம் முழுக்க ஒரே உயரத்தில் இருக்கிறது என்று சொல்லமாட்டேன். நடுவில் சில பாட்டுகளில் லண்டன் ஸ்டுடியோ மெருகு கொஞ்சம் கூடி, அண்ணன் தங்கை இருவர் மட்டும் உட்கார்ந்து செய்த முதல் தொகுப்பின் நெருக்கம் குறைகிறது. ஆனால் அவர் குரலில் உள்ள பிருகாவைக் கேட்டால் ஒரு விஷயம் விளங்கும். சில இடங்களில் அது கோஸ்பலின் இறக்கம், சில இடங்களில் சின்ன வயதில் மண்டப மேடையில் பாடிய சினிமாப் பாட்டின் சுழிப்பு. ஒரே மூச்சில் இரண்டும் வருகின்றன. எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று நான் பலமுறை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். வெட்டிப் பிரிக்க முடியவில்லை. இதை எந்த வாத்தியாரும் சொல்லித்தர முடியாது, அந்த வீட்டில் வளர்ந்திருக்க வேண்டும்.

விற்பனையில் 'சந்தோசம்' அலிஷியாவின் பக்கத்தில் வராது. சிடி கோடிக்கணக்கில் விற்ற காலம் போய்விட்டது. பாட்டு போனுக்குள் வந்தபிறகு கணக்கே வேறு. தமிழ்ச் சொற்களோடு ரிதம் அண்ட் புளூஸ் பாடும் பெண்ணைப் பெரிய நிறுவனம் ஒன்று உலகம் முழுக்க வெளியிட்டது, அவளை ஆங்கிலத்தில் மட்டும் பாடச் சொல்லவில்லை. இதை நான் வெற்றி என்றே எண்ணுகிறேன். 2005-இல் மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில், தன் அப்பாவின் பெயரை ஆல்பத்துக்கு வைத்து ஒரு கதவை உடைத்திருந்தார். அவர் உடைத்தது ராப், நடன இசையின் கதவு. மெல்லப் பாடும் பாட்டின் கதவு பிரியாவுக்காகக் காத்திருந்தது.

ஹைதராபாத்தில் பெண்பிள்ளைகளின் பாட்டு எந்த வயதில் நிற்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம் நிற்கும். இன்டர் முதல் வருஷம் (பதினொன்றாம் வகுப்பு), கணிதம், இயற்பியல், வேதியியல் சேர்ந்த எம்.பி.சி. குரூப், காலை முதல் இரவுவரை கோச்சிங், ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். கீபோர்டை உறையில் போட்டு அலமாரி மேல் ஏற்றிவிடுவார்கள். காந்தாரத்தை நழுவவிட்ட அந்தப் பெண்ணின் அம்மாவும் போன மாதம் வந்து, "இனிமே முடியாதும்மா. இத வாங்கிக்க யாராவது இருந்தா சொல்லுங்க" என்றார். மதுரைக்காரர், தார்நாகாவில் வீடு. கோபப்பட்டுச் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லமுடியுமா? ராபர்ட்டா ஃபிளாக் வாத்தியாராக இருந்ததையும், பிரியா விமான ஆபீசில் வேலை பார்த்ததையும் சொன்னேன்.

"அப்ப வேலையை விட்டுட்டுத்தான் பாட வந்தாளா?"

"கடைசில விட்டா. ஆனா அதுவரைக்கும் வேலையும் இருந்துச்சு, பாட்டும் இருந்துச்சு. வீட்ல கீபோர்டும் இருந்துச்சு."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். மகள் வாசலில் செருப்பை மாட்டாமலே நின்றாள். டெஸ்ட் எத்தனை மணிக்கு என்று அம்மா மகளைக் கேட்டார், ஒன்பது என்றாள். அப்படியானால் ஞாயிறு ஏழு மணிக்கு வரட்டும், எட்டுக்குள் விட்டுவிடுகிறேன் என்று சொல்லி நோட்டில் பெயர் எழுதிக்கொண்டேன். அடுத்த வாரத்துக்கு 'சந்தோசம்' ஆல்பத்திலிருந்து அவளுக்குப் பிடித்த ஒரு பாட்டை அவளே தேர்ந்தெடுத்து, கார்டை அவளே காதால் கண்டுபிடித்துக் கொண்டுவரவேண்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்க விரும்பினால் நாற்காலி இருக்கிறது.